கம்பி இல்லை... ஆனா கிடார் இருக்கு!

‘இரு முனைகளிலும் இறுக்கிக் கட்டப்பட்ட ஒரு கம்பி...’ இப்படி ஆரம்பிக்கிற கேள்வி ஞாபகம் இருக்கா மக்களே? இன்ஜினீயரிங் மேத்ஸ் பேப்பர்ல ரெண்டு பக்கத்துக்கு ஃபூரியர் சீரீஸ் எழுதி, கடைசியில் விடையைக் கட்டம் கட்டிக் காட்டுவோமே, அதேதான். கம்பியை நடுவில் இழுத்து விட்டால், எந்த நேரத்தில் எந்த இடத்தில் அது எவ்வளவு விலகி நிற்கும்? கண்டுபிடி. ஸ்டெப் மார்க் உண்டு.

எல்லாம் சரி. ஆனா க்ளாஸ்ல ஒருத்தராவது எழுந்து, ‘சார், இந்தக் கம்பி எப்படிக் கேட்கும்?’னு கேட்டிருக்கோமா?

அந்தக் கேள்வியைக் கேட்டு, அதுக்குப் பின்னாலேயே போன ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க செய்யற வேலைக்குப் பேர் ஃபிசிக்கல் மாடலிங். இந்தப் பக்கத்தில் வாராவாரம் சிலபஸ்ல இருந்து ஒரு சமாசாரத்தைக் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வர்றோம் இல்லையா, இந்த வாரம் மாட்டினது அந்தக் கம்பிதான். கூடவே ஒரு டயோடும் ஒரு இரும்புத் தகடும் வருது!

போட்டோவா, ஆளா?

முதல்ல எஃபெக்ட்ஸ்னா என்ன? பாட்டில் குரலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் மாதிரி முழங்குதே, அது ரிவெர்ப். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றது எக்கோ. கிடார் ‘க்ர்ர்ர்’னு உறுமினால் டிஸ்டார்ஷன். அந்தக் காலத்தில் இது ஒவ்வொண்ணுக்கும் நிஜமான ஒரு பொருள் தேவைப்பட்டுது. தகடு, ஸ்பிரிங், டேப், வால்வு. இன்னிக்கு எல்லாமே லேப்டாப்புக்குள் நம்பர்களா உட்கார்ந்திருக்கு.

அந்தப் பொருளை நம்பரா மாத்த ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, போட்டோ பிடிக்கிறது. ஒரு கோயில் மண்டபத்துக்குப் போய் பலூன் ஒண்ணை உடைச்சு, அந்த முழக்கத்தை ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு வாங்க. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்ச கன்வல்யூஷனை எடுத்து உங்க குரலோட அதைச் சேருங்க. நீங்க ஹாஸ்டல் ரூமில் பாடினது மண்டபத்தில் பாடின மாதிரி கேட்கும். ஜோக் இல்லை, இந்த டெக்னிக் நிறைய ஸ்டூடியோக்களில் தினமும் நடக்குது.

ஆனா போட்டோ போட்டோதான் பாஸ். பலூன் உடைஞ்ச இடமும் மைக் இருந்த இடமும் மாறாது. மண்டபத்தைக் கொஞ்சம் பெரிசாக்கணும், சுவரில் கனமான துணி தொங்கவிடணும்னு ஆசைப்பட்டால் முடியாது. கிடார் ஆம்ப்ளிஃபையர் மாதிரி மெதுவா வாசிச்சா ஒரு குணம், ஓங்கி வாசிச்சா வேறு குணம் காட்டுற ஆசாமிகிட்ட கன்வல்யூஷன் பப்பு வேகவே வேகாது. அது லீனியர் சிஸ்டத்துக்கு மட்டும்தான்.

ரெண்டாவது வழி, சத்தத்தை விட்டுட்டு, சத்தம் போடற ஆளையே எழுதறது. கம்பின்னா அதோட நீளம், இழுவிசை, எடை. தகடுன்னா அதோட தடிமன். இந்தப் பொருள் இயற்பியல் விதிப்படி எப்படி அசையும்னு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டால், சத்தம் தானா வந்து விழும். இதுதான் ஃபிசிக்கல் மாடலிங்.

400 டப்பா கிடார்

கேட்க மிரட்டலா இருக்கும். ஆனா இதுக்கு ஒரு குட்டி உதாரணம் இருக்கு. சி ப்ரோகிராமில் ‘ஃபார் லூப்’ போடத் தெரிஞ்சா போதும்.

400 இடம் உள்ள ஒரு அரே எடுத்துக்குங்க. வரிசையா 400 டப்பான்னு வெச்சுக்கலாம். ஒவ்வொண்ணிலும் மைனஸ் 1-க்கும் ப்ளஸ் 1-க்கும் நடுவில் ஏதோ ஒரு ரேண்டம் நம்பர். இப்போ முதல் டப்பாவில் இருக்கிற நம்பரை ஸ்பீக்கருக்கு அனுப்புங்க. அதே நம்பரையும் அதுக்கு முந்தின தடவை அனுப்பின நம்பரையும் கூட்டி ரெண்டால் வகுத்து, வரிசையின் கடைசியில் சேர்த்துடுங்க. முதல் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாரும் ஒரு அடி முன்னாடி நகரணும், ரேஷன் கடை க்யூ மாதிரி. இதை விநாடிக்கு 44,100 தடவை செய்யுங்க. சி.டி. ஆடியோவின் வேகம் அது.

என்ன கேட்கும் தெரியுமா? ‘டொய்ங்ங்...’ கிடாரின் அஞ்சாவது கம்பியைச் சுண்டின சத்தம்!

கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங்னு ரெண்டு பேர் 1983-ல் வெளியிட்ட அல்காரிதம் இது. பேரும் கார்ப்ளஸ்-ஸ்ட்ராங்தான். ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். எங்கிருந்து வந்தது கிடார்?

பதில் அதுக்கும் 236 வருஷம் முன்னாடி இருக்கு. கம்பியின் அதிர்வு என்பது எதிரெதிர் திசையில் ஓடும் ரெண்டு அலைகளின் கூட்டல்னு 1747-ல் காட்டினார் பிரான்ஸ் நாட்டு டாலம்பேர். அலை ஒரு முனைக்குப் போய் மோதி, திரும்பி, மறு முனையில் மோதி, கிளம்பின இடத்துக்கே வருது. அந்த ஒரு ரவுண்டு ட்ரிப்தான் ஒரு அதிர்வு. கிடார் கம்பி சுமார் 65 செ.மீ. நீளம். போக வர 1.3 மீட்டர். அஞ்சாவது கம்பி விநாடிக்கு 110 தடவை அதிரணும்னா அலை விநாடிக்கு 143 மீட்டர் வேகத்தில் ஓடுதுன்னு அர்த்தம். நம்ம 400 டப்பா க்யூ அந்த ரவுண்டு ட்ரிப்பேதான். 44,100-ஐ 400.5-ஆல் வகுத்துப் பாருங்க, 110.1 வரும். (அந்த அரை எங்கிருந்துன்னா, பக்கத்துப் பக்கத்து நம்பரைச் சராசரி எடுக்கிறப்போ அரை டப்பா தாமதம் சேர்ந்துக்குது.)

அந்தச் சராசரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேகமா ஏறி இறங்கும் நம்பர்களை அது சமமாக்கிடும். அதாவது உச்ச ஸ்தாயி அதிர்வுகள் முதலில் செத்துப் போகும், கீழ் ஸ்தாயி நின்னு நிதானமா அடங்கும். நிஜக் கம்பியும் அப்படித்தான்: சுண்டின நொடியில் பளிச், அப்புறம் மெல்ல மந்தம்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த மாடலில் என்னவெல்லாம் இல்லைன்னு பாருங்க. மரப்பெட்டி இல்லை. காத்து இல்லை. விரல் நகம் இல்லை. கம்பியின் விறைப்பு இல்லை. இத்தனையையும் விட்டும் காது ‘கிடார்’னு சொல்லுது. எதைச் சேர்க்கணும்ங்கறதை விட எதை விடலாம்ங்கறதுதான் இந்த வேலையின் சூட்சுமம். அந்தத் தீர்ப்பைச் சொல்றது ஈக்குவேஷன் இல்லை, காது!

எல்லாத்தையும் விட முடியாதுங்கறதும் உண்மை. 880 ஹெர்ட்ஸ் வேணும்னு வைங்க. 50 டப்பா போட்டால் 873. 49 போட்டால் 891. நடுவில் டப்பா கிடையாது! சுருதி சுத்தம்னு ஒண்ணு இருக்கே, அது போச்சு. அதே 1983-ல் டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் இதுக்கு வழி சொன்னாங்க. ஒரு குட்டி ஆல்பாஸ் ஃபில்டர் போட்டு, ‘முழு டப்பா இல்லை, 0.6 டப்பா தாமதம்’ உண்டாக்கறது. நம்ம ஊர் கமகத்தை இந்த மாடலில் வாசிக்கணும்னா இந்த விஷயம் இல்லாமல் ஆகாது. ஸ்வரத்தில் இருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கிட்டே போகணும், படிக்கட்டு ஏறக் கூடாது இல்லையா?

க்யூவை நீட்டினால் எக்கோ

எஃபெக்ட்ஸ் பத்தி ஆரம்பிச்சுட்டு கிடார் பத்திப் பேசறானேன்னு நினைக்காதீங்க. 400 டப்பாவுக்குப் பதிலா 13,230 டப்பா போடுங்க. ரேண்டம் நம்பருக்குப் பதிலா உங்க குரலை உள்ளே விடுங்க. சராசரிக்குப் பதிலா, திரும்பி வர்றதைப் பாதியாக்கிப் புதுக் குரலோட கூட்டுங்க. ‘ஹலோ... ஹலோ... லோ... லோ...’ 0.3 விநாடிக்கு ஒரு தடவை எக்கோ!

ஆமாம், வாத்தியமும் எஃபெக்ட்டும் ஒரே லூப். நீளம்தான் வேற. இந்தத் தாமத க்யூவை வெச்சே கம்பி, குழல் எல்லாத்தையும் எழுதலாம்னு விரிவாக்கினவர் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித். அந்த முறையோட பேர் டிஜிட்டல் வேவ்கைடு. 1994-ல் யமஹா அதை வெச்சு வி.எல்.1 என்ற கீபோர்டையே கொண்டு வந்தது. ஒரே நேரத்தில் ரெண்டு ஸ்வரம்தான் வாசிக்கும். அன்னிக்கு இருந்த சிப்புக்கு அதுவே மூச்சு முட்டின கணக்கு!

13,000 குரல் கொண்ட தகடு

கம்பி ஒரு கோடு. தகடு ஒரு பரப்பு. இங்கதான் கணக்கு நிஜமாவே பயமுறுத்தும்.

1957-ல் ஜெர்மனியில் ஈ.எம்.டி. 140-னு ஒரு ரிவெர்ப் கருவி வந்தது. உள்ளே 2 மீட்டருக்கு 1 மீட்டர் இரும்புத் தகடு, தடிமன் வெறும் அரை மில்லிமீட்டர். அதை ஒரு ஃப்ரேமில் தொங்கவிட்டு, ஒரு இடத்தில் பாட்டால் குலுக்கி, இன்னொரு இடத்தில் அதிர்வைப் பிடிப்பாங்க. மொத்த எடை 200 கிலோவுக்கு மேல். ஸ்டூடியோவில் தனி ரூம் கேட்கும் ஆசாமி!

இந்தத் தகடு எத்தனை விதமா அதிரும்னு கணக்குப் போடலாம். இரும்பின் கடினம், அடர்த்தி, தடிமன், பரப்பு நாலையும் ஃபார்முலாவில் போட்டால், 10 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் சுமார் 13,000 மோடுகள் வருது. ஒவ்வொண்ணும் தனித்தனி ஸ்வரம், தனித்தனியா அடங்கும். அதனாலதான் தகட்டு ரிவெர்ப் அவ்வளவு அடர்த்தியா, பட்டு மாதிரிக் கேட்குது. இன்னொரு விசேஷம், தகட்டில் உச்ச ஸ்தாயி அலைகள் கீழ் ஸ்தாயியை விட வேகமா ஓடும். நிஜ மண்டபத்துக் காத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். தகட்டு ரிவெர்ப்புக்கு மண்டபத்தில் இல்லாத ஒரு மினுமினுப்பு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மாடல் பண்றவங்க இந்தத் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டமும் அடுத்த நொடித் துணுக்கில் எங்க இருக்கும்னு பக்கத்துக் கட்டங்களை வெச்சுக் கணக்கிடுவாங்க. நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரின் ஃபைனைட் டிஃபரன்ஸேதான்! எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் பில்பாவ் இந்த வழியில் ஒலியை உண்டாக்கறது பத்தி 2009-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

இப்போ விஷயத்துக்கு வாங்க. எழுதின தகட்டில் தடிமன் ஒரு வேரியபிள். பரப்பு ஒரு வேரியபிள். கிரிக்கெட் மைதானம் அளவுக்குத் தகடு வேணுமா? நம்பரை மாத்துங்க. பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே தகடு சுருங்கணுமா? அதுவும் நடக்கும். உலகத்தில் எந்தப் பட்டறையும் செய்ய முடியாத வாத்தியத்தை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து செய்யலாம். போட்டோவால் இது முடியுமா?

டயோடு ஏன் உறுமுது?

ராக் கிடாரிஸ்ட் காலால் ஒரு சின்னப் பெட்டியை மிதிப்பாரே, பார்த்திருக்கீங்களா? ‘ட்யூப் ஸ்க்ரீமர்’ அந்த வகையில் பேர் போன ஒண்ணு. உள்ளே திறந்தால் ஒரு ஆப்-ஆம்ப், அதோட ஃபீட்பேக்கில் எதிரெதிரா டயோடுகள், கொஞ்சம் கெபாசிட்டர். அவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸ் லேபில் கிளிப்பர் சர்க்யூட்னு கட்டி, ஓ ஸ்கோப்பில் தலை வெட்டின சைன் வேவைப் பார்த்து, அப்சர்வேஷன் நோட்டில் சைன் வாங்கினோமே, அதோட பங்காளிதான்!

டயோடில் ஓடும் கரன்ட் வோல்டேஜுக்கு எக்ஸ்பொனென்ஷியலா ஏறும். ஆனா அந்த வோல்டேஜே கரன்டைப் பொறுத்தது. நாய் தன் வாலையே துரத்தற கதை. நேரா விடை எழுத முடியாது, அதனால் நியூட்டன்-ராஃப்சன் போட்டுச் சுத்திச் சுத்தி விடைக்கு நெருங்கணும். எவ்வளவு நேரத்தில்? ஒரு சாம்பிளுக்கு 22 மைக்ரோ விநாடிதான் கிடைக்கும். பரீட்சையில் மூணு இட்டரேஷனுக்கே நமக்கு இருபது நிமிஷம்!

இன்னொரு வில்லனும் இருக்கான், அலையாசிங். டயோடு தலையை வெட்டும்போது ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் பிறக்கும். 15 கிலோஹெர்ட்ஸ் உள்ளே போனால் மூணாவது ஹார்மோனிக் 45 கிலோஹெர்ட்ஸ். நிஜப் பெட்டியில் அது யார் காதுக்கும் எட்டாது, தொல்லை இல்லை. டிஜிட்டலில்? 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் சாம்பிள் எடுத்தால் அந்த 45 மடங்கி வந்து 900 ஹெர்ட்ஸா உட்காரும்! யாரும் வாசிக்காத ஒரு அபஸ்வரம், நட்டநடுப் பாட்டில். நைக்விஸ்ட் தியரத்துக்கு ரெண்டு மார்க்குன்னு மனப்பாடம் பண்ணினோமே, அதை மீறினால் எப்படிக் கேட்கும்னு தெரியணும்னா இதைத்தான் கேட்கணும். தீர்வு, உள்ளுக்குள் மட்டும் எட்டு மடங்கு வேகத்தில் கணக்குப் போட்டு, அப்புறம் வடிகட்டி இறக்கறது. அதாவது எட்டு மடங்கு வேலை.

தம்புராவின் குறும்பு

நம்ம தம்புராவும் இந்த ஆராய்ச்சியில் இருக்கு. ஆரம்பிச்சு வெச்சவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். நோபல் வாங்கினது 1930-ல். அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1921-ல், தம்புராவையும் வீணையையும் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கம்பியை எந்த இடத்தில் சுண்டுறோமோ, அந்த இடத்தில் அசைவே இல்லாத ஹார்மோனிக் கேட்கவே கூடாதுங்கறது பழைய விதி. தம்புராவில் அது நல்லாவே கேட்குதுன்னு ராமன் காட்டினார். காரணம் அந்த அகலமான, லேசா வளைஞ்ச பிரிட்ஜ். கம்பி ஒவ்வொரு அதிர்விலும் அதன் மேல் படிஞ்சு படிஞ்சு எழும்புது. கம்பிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் செருகும் நூலைக் கொஞ்சம் நகர்த்தினால் மொத்த ரீங்காரமும் மாறும். கச்சேரிக்கு முன்னால் மேடையில் அதைத்தான் பொறுமையா நகர்த்திக்கிட்டு இருப்பாங்க.

கம்பி மரத்தில் மோதி மோதி விலகறதைக் கணக்கில் எழுதறது லேசில்லை. டிஜிட்டல் ஆடியோ எஃபெக்ட்ஸுக்குன்னே 1998-ல் இருந்து ஒரு சர்வதேச மாநாடு நடந்துட்டு வருது. 2016-ல் அங்கே பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் நேரடியா வாசிக்கிற வேகத்தைக் குறி வெச்ச ஒரு தம்புரா மாடலைக் கொடுத்தாங்க. நூல் எங்கே இருக்குங்கறது அந்த மாடலில் ஒரு நம்பர்!

ஏ.ஐ. வந்துடுச்சே பாஸ்?

நியாயமான கேள்வி. இன்னிக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரில் சில நிமிஷம் ரெக்கார்ட் பண்ணின ஆடியோவை நியூரல் நெட்வொர்க்குக்கு ஊட்டினால், அது அந்த ஆம்ப் மாதிரியே மிமிக்ரி பண்ணுது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டால் எது நிஜம்னு சொல்றது கஷ்டம். அப்புறம் எதுக்கு நியூட்டன், ராஃப்சன் எல்லாம்?

மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட், தான் கேட்ட குரலைத்தான் செய்வார். அந்த நடிகருக்கு ஜலதோஷம் பிடிச்சால் எப்படிப் பேசுவார்னு கேட்டால் அவர் ஊகிக்கத்தான் முடியும். நெட்வொர்க்கும் அப்படித்தான், எந்த செட்டிங்கில் கேட்டதோ அதுக்குத்தான் கேரண்டி. ‘இந்தக் கெபாசிட்டரை மாத்தினால்?’, ‘தகட்டை ரெண்டு மடங்கு தடிமனாக்கினால்?’ போன்ற கேள்விகளுக்குக் காரணத்தோட பதில் சொல்றது ஃபிசிக்ஸ் மட்டும்தான். தெரிஞ்ச பகுதியை ஈக்குவேஷனாவும், தெரியாத பகுதியை நெட்வொர்க்காவும் ஒட்டுற வேலையும் இப்போ நடக்குது. அதுக்கும் ஈக்குவேஷன் தெரிஞ்ச ஆள் வேணுமே!

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கம்பி, டயோடு, நைக்விஸ்ட், நியூட்டன்-ராஃப்சன் நாலையும் நமக்கு நாலு பேப்பராப் பிரிச்சு, நாலு செமஸ்டரில் கொடுத்து, தனித்தனியா மறக்க வைக்கறாங்க. ஒரு கிடார் பெடலுக்குள் நாலும் ஒண்ணா உட்கார்ந்திருக்கு. ‘இதெல்லாம் எதுக்குப் படிக்கறோம்?’னு கேன்டீனில் கேட்காத ஆள் உண்டா? பதில் காதாலேயே கேட்கும்படி இருக்கும்போது, கேட்காமலே டிகிரி வாங்கிட்டுப் போறது அநியாயம் இல்லையா?

அதனால் இன்னிக்கு ராத்திரி ஒரு ஹோம் ஒர்க். பைத்தானோ, ஆக்டேவோ, சியோ, எது கை வருதோ அது. 400 டப்பா, ரேண்டம் நம்பர், சராசரி, மூணு விநாடிக்கு 1,32,300 தடவை லூப், ஒரு வேவ் ஃபைல். இருபது வரிக்கு மேல் போகாது. ‘டொய்ங்’ வந்துட்டால் மூணு வேலை செஞ்சு பாருங்க. சராசரியை 0.9-ஆல் பெருக்குங்க, கம்பி மேல் கையை வெச்சுட்ட மாதிரி ‘டக்’குனு அடங்கும். டப்பாவை 200 ஆக்குங்க, ஒரு ஸ்தாயி மேலே போகும். மூணாவதா, சராசரி எடுக்கும்போது காசு சுண்டி, பூ விழுந்தால் அந்த நம்பரின் குறியை மைனஸாக மாத்துங்க. கம்பி காணாமல் போய் ஒரு முரசு வரும்! கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் அதையும் அந்த 1983 கட்டுரையிலேயே சொல்லிட்டாங்க.

ரூம்மேட் தூங்கினதுக்கு அப்புறம்னா ஹெட்ஃபோன் கட்டாயம்.

அடுத்த வாரம்: மெஸ்ஸில் தோசைக்கு நிற்கும் க்யூவும், ப்ராபபிளிட்டி பேப்பரில் பயமுறுத்தும் க்யூயிங் தியரியும். தட்டோட வாங்க!